ஒரே டியூபில் மூன்று மருந்து

தொடை இடுக்கிலோ பாவாடை நாடா இறுகும் இடுப்பிலோ வட்டமாக ஒரு தடிப்பு கிளம்பி அரிக்கத் தொடங்கினால், நம்மில் பலர் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். இடத்தைக் காட்டக் கூச்சம். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும். ‘அரிப்புக்கு ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க’ என்றால் ஒரு டியூப் கைக்கு வந்துவிடும். தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கி, சிவப்பும் மங்கும். நல்ல மருந்து என்று அதன் பெயர் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும்.

அந்த டியூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நியோமைசின், ஜென்டாமைசின் என்பவை பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். மைக்கோனசோல், குளோட்ரிமசோல் என்பவை பூஞ்சைக்கானவை. வந்திருப்பது என்ன நோய் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடவச் சொல்லும் கலவை இது. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கவலையோடு எச்சரித்து வருவது இதைப் பற்றித்தான்.

படர்தாமரை ஏன் படர்கிறது?

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று அது வாழ்கிறது. அந்தப் பூஞ்சையோடு நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மல்லுக்கு நிற்பதால்தான் சிவப்பும் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு அடக்குவது இந்தச் சண்டையை. அரிப்பு நின்றுவிடுகிறது, பூஞ்சைக்கோ தடுப்பார் இல்லை.

ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டதென்று மருந்தை நிறுத்துகிறோம். பத்து நாளில் திரும்பி வருகிறது, முன்பைவிட அகலமாக. மறுபடி அதே டியூப். இப்படி நாலைந்து சுற்று போனபின் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். சில இடங்களில் ஓரத் தடிப்பே மறைந்து, வெறும் கருமையும் செதிலும் மிஞ்சும். பழகிய டாக்டரையே குழப்பும் அளவுக்கு உருமாறிவிடும் என்பதால், தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

டியூபில் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்று கேட்கலாம். பூஞ்சை முழுதாக ஒழிய வாரக்கணக்கில் மருந்து தேவை. ஸ்டீராய்டு தரும் சுகம் அதற்கு முன்பே நம்மை நிறுத்த வைத்துவிடுகிறது. கலவையில் இருக்கும் ஆன்டிபயாடிக்குக்கோ பூஞ்சையிடம் வேலையே இல்லை. இந்தியாவில் பரவி வரும் ஒரு பூஞ்சை, டெர்பினாஃபின் போன்ற முக்கிய மருந்துக்கே அடங்க மறுக்கிறது. 2020-இல் அதற்கு ‘டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். இப்போது அது பல நாடுகளில் காணப்படுகிறது. ஸ்டீராய்டு கலவைகளைக் கண்டபடி தடவியதும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஸ்டீராய்டு தேவைப்படும் இடம்

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஒதுக்கினால் அதுவும் தவறு. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் கண்டார்கள். தோல் மருத்துவத்தின் போக்கையே அது மாற்றியது. கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றுக்கு இன்றும் முதலில் கை கொடுப்பது இந்த மருந்துதான். பயந்துகொண்டு மருந்தைப் பாதியில் நிறுத்தும் பெற்றோரைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது. கரப்பான் வந்த குழந்தை இரவெல்லாம் சொறிந்து, தோல் கிழிந்து, அதில் சீழ் பிடித்து அவதிப்படும். டாக்டர் சொன்ன களிம்பைச் சொன்ன நாள்வரை தடவியிருந்தால் அந்தக் குழந்தை தூங்கியிருக்கும்.

வீரியத்தைச் சதவீதத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் என்பது மிக மென்மையானது. குளோபெட்டசால் 0.05 சதவீதம்தான், ஆனால் தடவும் ஸ்டீராய்டுகளில் அதுவே மிகக் கடுமையான வகை. பெரியவர்களே அதைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரம் 50 கிராமுக்கு மேலோ பயன்படுத்தக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

தடவும் இடத்தைப் பொறுத்தும் எல்லாம் மாறும். முன்கையில் ஹைட்ரோகார்ட்டிசோன் எவ்வளவு உறிஞ்சப்படுகிறதோ, அதைப்போல 6 மடங்கு நெற்றியிலும் 42 மடங்கு விதைப்பையிலும் உறிஞ்சப்படுவதாக 1967-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். பாத வெடிப்பைச் சுற்றிய தடிப்புக்கு எழுதித் தந்த மருந்தை மிச்சமிருக்கிறதே என்று தொடை இடுக்கில் தடவினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். அங்கே தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோல் கோடு கோடாகப் பிளக்கும். காலப்போக்கில் நிறம் மங்குமே தவிர, அந்தக் கோடுகள் மறைவதில்லை. இமையில் நெடுநாள் தடவினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். குழந்தைக்கு டயப்பர் போடும் இடத்தில் காற்றே புகாததால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

அளவுக்கு நம் விரலே போதும். டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது சரியாக இருக்கும். அதற்குமேல் கட்டு கட்டுவதோ பிளாஸ்டிக் சுற்றுவதோ டாக்டர் சொன்னால் மட்டுமே.

ஆன்டிபயாடிக் களிம்பு

சின்னச் சிராய்ப்புக்கு இது தேவையே இல்லை. குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி வைத்து மூடினாலே ஆறிவிடும். குழந்தைகளுக்கு மூக்கோரத்திலும் வாயோரத்திலும் தேன் நிறப் பொருக்கோடு வரும் புண்ணுக்கும், மயிர்க்கால்களில் வரும் சீழ்க் கொப்புளத்துக்கும் மியூபிரோசின், ஃபியூசிடிக் ஆசிட் போன்றவை நன்றாக வேலை செய்யும். சிறிய இடத்தில், சில நாள்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் தடவினால் கிருமி பழகிக்கொள்ளும். பிறகு உண்மையான தேவை வரும்போது மருந்து கேட்காது.

நியோமைசினிடம் இன்னொரு சிக்கல் உண்டு. தோல் ஒவ்வாமை தரும் மருந்துகளில் அது பேர்போனது. ஆறிவந்த புண்ணைச் சுற்றித் திடீரென்று அரிப்பும் நீர்க் கொப்புளமும் கிளம்பினால், புண் முற்றிவிட்டதென்று இன்னும் அதிகமாகத் தடவுகிறோம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் களிம்பைத்தான்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, பெரிய கட்டி இவற்றுக்குக் களிம்பு போதாது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச்சில் 14 தடவும் ஸ்டீராய்டுகளை மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்த 328 கூட்டு மருந்துகளிலும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பல இருந்தன. இருந்தும் சீட்டு இல்லாமல் விற்பது நிற்கவில்லை. கடைக்காரரிடம் ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஏற்கெனவே பல மாதம் தடவியவர்கள்

முகப்பருவுக்கும் மங்குக்கும், நிறம் கூடவும் என்று இந்தக் க்ரீம்களைத் தடவுவோர் ஏராளம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு வெயில் பட்டாலே எரியும், கன்னத்தில் நரம்பு நரம்பாகச் சிவப்பு ஓடும், பருவும் பூனைமுடியும் கிளம்பும். நிறுத்தினால் முகமே தீப்பிடித்ததுபோல் சிவக்க, பயந்துபோய் மறுபடி டியூபை எடுக்கிறார்கள். மங்குக்கு டாக்டர் எழுதும் மூன்று மருந்துக் க்ரீமிலும் ஸ்டீராய்டு உண்டு. அவர் சொன்ன சில வாரங்களோடு அதை நிறுத்திவிட வேண்டும், பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கக் கூடாது.

இந்த நிலையில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். தோல் டாக்டர் வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றுவார், அல்லது ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் போன்றதைத் தருவார். முகம் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். உடம்பில் பெரும்பகுதிக்கு நெடுநாள் தடவியவர்களுக்கு முகம் உப்புதல், சோர்வு, தலைச்சுற்றல் இருந்தால், அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கக் கூடும். காலையில் எடுக்கும் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதுவரை தடவிய எல்லா டியூப்களையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.