நாடா தந்த நடுக்கம்

நேற்றுக் குறையென்று ஒதுக்கப்பட்டது இன்று அணியென்று போற்றப்படுவது உலக இயல்பு. மாட்டுவண்டிச் சில்லு விடுதிகளின் முகப்பை அலங்கரிக்கிறது. பாட்டி கைவிட்ட மண்சட்டி விருந்து மேசையில் ஏறிவிட்டது. இசையுலகிலும் இத்தகைய விந்தையொன்று நிகழ்ந்து வருகிறது. பழைய கசற்றுகளில் பாட்டுச் சற்றே தள்ளாடி ஒலிக்குமன்றோ? அந்தத் தள்ளாட்டத்தை இன்றைய இளைஞர்கள் கணினியின் துணையுடன் தம் புதுப்பாட்டில் விரும்பிச் சேர்க்கின்றனர். இதன் இயல்பை அறிவது மாணவர்க்குப் பயன் தரும். வன்னி மக்களாகிய நமக்கோ இதனோடு ஒரு கடமையும் பிணைந்திருக்கிறது.

தள்ளாட்டம் பிறக்குமிடம்

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகப்படுத்தியது. அதன் நாடா வினாடிக்கு 4.76 சென்றிமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும் என்பது விதி. மெல்லிய உலோகத் தண்டொன்றும் இறப்பர் உருளையொன்றும் நாடாவை நடுவே பற்றி இழுத்துச் செல்கின்றன. தண்டு இம்மியளவு வளைந்தாலும், உருளை தேய்ந்தாலும், நாடா தொய்ந்தாலும் வேகம் மாறிவிடும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். மெல்ல அசைந்து வரும் மாற்றத்தை ‘வாவ்’ என்றும், விரைந்து படபடக்கும் மாற்றத்தை ‘ஃபிளட்டர்’ என்றும் ஒலிப்பொறியியலார் அழைப்பர்.

வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மாறுதல் என்பது வினாடிக்கு அரை மில்லிமீற்றர்கூட ஆகாது. ஆயினும் அதனாற் சுருதி விலகும் அளவு, ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். பழகிய செவி அதனை உடனே கண்டுகொள்ளும்.

நம் இசையிலும் அசைவு உண்டே என்று சிலர் கேட்கலாம். பாடகர் சுரத்தை அசைப்பது கமகம். அப்போது பின்னணிச் சுருதி அசையாது நிற்கும். பாடகரும், தம்புராவும், மிருதங்கமும் ஒருங்கே அசைந்தால் அது பொறியின் குற்றம். இரண்டையும் வேறுபடுத்தி அறிய இதுவே எளிய வழி.

கைவலிமையில் ஒலித்த பாட்டு

இக்குற்றத்தை வன்னி மக்கள் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திருப்பரோ என்பது ஐயமே. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. பற்றரிகள் கிடைப்பதும் அரிதாயிற்று. ஆயினும் மக்கள் வானொலியையும் கசற்றையும் கைவிட்டாரில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, விளக்கெரிக்கும் டைனமோவைக் கொண்டு மின்சாரம் எடுத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம். கருவிக்கு வேண்டியதோ நேரோட்டம். ஆகவே டயோட்டுகளை இடையே பொருத்தி அதனை மாற்றிக்கொண்டனர். பாடப்புத்தகத்து விஞ்ஞானம் முற்றத்திற்கு வந்தது.

கசற் கருவியின் மோட்டார் ஓரளவு வரை தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும். சுற்றுபவரின் கை சோர்ந்து மின்னழுத்தம் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால், பாட்டும் சோர்ந்து இழுபடும். மீண்டும் கை வேகமெடுத்தால் பாட்டும் நிமிரும். அந்தத் தள்ளாட்டத்தில் ஒரு மனிதரின் மூச்சும் கலந்திருந்தது எனில் மிகையாகாது.

கணினி செய்யும் மாயம்

இன்று அதே அசைவை உண்டாக்க நாடாவும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். இசைப்பதிவு மென்பொருளுடன் இணைத்துக்கொள்ளும் ‘பிளகின்’ எனப்படும் சிறு மென்பொருளே போதும். அது ஒலியைக் கணப்பொழுது நினைவிற் தேக்கி வைத்து, சிறிது தாமதித்து வெளியிடுகிறது. அந்தத் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தால் சுருதி இறங்கியும் ஏறியும் அசையும். ஏ9 வீதியில் நம்மை நோக்கி விரையும் பேருந்தின் கோண் ஒலி உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தத்துவம் விளங்கும்.

இத்தகைய பிளகின்கள் பல உள. ஜதின் சௌத்ரி என்பவர் பழைய சோனி நாடாக் கருவியொன்றை ஆராய்ந்து உருவாக்கிய ‘சௌ ரேப் மொடல்’ இலவசமாகக் கிடைக்கிறது. பயன்படுத்துவோர் அசைவின் ஆழத்தையும் வேகத்தையும் தாமே திருத்திக்கொள்ளலாம். உப்பைப் போல் அளவோடு இடுதல் நன்று. பாட்டு முழுவதிலும் இடாது, வீணை அல்லது பியானோ போன்ற ஒரு கருவிக்கு மட்டும் இட்டால் இனிமை கெடாது. எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது: தள்ளாடும் பழைய பதிவை நேராக்கும் ‘கப்ஸ்ரன்’ என்னும் மென்பொருளை ஜெர்மனியின் செலிமொனி நிறுவனம் ஆக்கியிருக்கிறது.

முந்திச் செய்யவேண்டியது

இனி நம் கடமையைக் கூறுவோம். வெளிநாட்டு உறவினருக்குக் கடிதமாகப் பேசி அனுப்பிய குரல்கள், வற்றாப்பளைப் பொங்கற் காலத்து ஒலிப்பதிவுகள், கோவலன் கூத்துப் பாட்டுகள் என எத்தனையோ செல்வங்களைக் கசற்றுகள் தாங்கியிருந்தன. இடப்பெயர்வுகளிலும் 2009ஆம் ஆண்டின் பேரழிவிலும் அவற்றுள் அழிந்தவை பல. எஞ்சியவை பெட்டிகளின் அடியிலும், கடல்கடந்த உறவினரின் அலுமாரிகளிலும் கிடந்து ஈரத்தாலும் வெப்பத்தாலும் நலிந்து வருகின்றன. அவற்றிற் பேசுவோருள் இன்று நம்மிடையே இல்லாதவர் எத்தனை பேர்!

அவற்றைக் கணினிக்கு மாற்றுவது கடினமன்று. பூஞ்சணம் படர்ந்த நாடாவை ஓடவிடாது, அறிந்தவரிடம் கொடுக்கவேண்டும். ஏனையவற்றின் பின்புறத்துச் சிறு தகட்டை முதலில் முறித்துவிட்டால், தவறுதலாக அழிபடும் அச்சமில்லை. கருவியின் ஒலித்தலையைத் துடைத்தபின் நாடாவை ஓடவிட்டு, சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாகப் பதிதல் வேண்டும். பேசுபவர் யார், எவ்வூர், எவ்வாண்டு என்பவற்றை எழுதி, இரு பிரதிகளை இரு வேறிடங்களில் வைத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலக நிறுவனம் ஒலி ஆவணங்களையும் பேணிவருகிறது; பொதுவில் வைக்கத்தக்கவற்றை அங்கு சேர்ப்பிக்கலாம்.

முதற்பிரதியில் எதையும் திருத்தலாகாது. தள்ளாட்டத்தை நீக்குவதும் கூட்டுவதும் மறுபிரதியிற் செய்யத்தக்கவை. கமகத்தையும் குற்றமெனக் கருதி மென்பொருள் நேராக்கிவிட்டால், மீண்டும் செவிமடுக்க மூலம் வேண்டுமன்றோ?

நாடாவின் நடுக்கத்தைக் கணினி எந்நாளும் ஆக்கித் தரும். நாடாவோடு மறைந்த குரலை அதனால் ஆக்கித் தர இயலாது. ஆகவே இளைஞர்களே, புதுப்பாட்டுக்குப் பழமையின் சாயலைப் பூசுமுன், வீட்டிலுள்ள பழம்பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். உண்மையான தள்ளாட்டம் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.