பஞ்சிகாவத்தைச் சாமானும் பாமினிக் கோப்பும்

மாளிகாவத்தையில் த்ரீவீல் திருத்துகிறவர் எவரும் பெயாரிங்கைத் தானே வார்த்தெடுப்பதில்லை. பக்கத்திலே பஞ்சிகாவத்தைக்குப் போய், தேய்ந்த சாமானைக் கடைக்காரரிடம் காட்டி, அதே அளவில் ஒன்று வாங்கி வருவார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அப்படியொரு கடைத்தெரு உண்டு. அங்கே கிடைக்கிற உதிரிப்பாகத்துக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். பெரும்பாலானவை இலவசம். தமிழில் ‘நூலகம்’ என்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ ‘சாமான் கடை’ என்றால்தான் விளங்குகிறது.

ஓர் உதாரணம். கொழும்பில் ஒரு சின்ன அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை மலர், பள்ளிவாசல் மலர், கலியாண அழைப்பிதழ் என்று இருபது வருட வேலை கணினியில் கிடக்கிறது. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ்; கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றினால்தான் அந்த மலர்களுக்கு மறுவாழ்வு.

ஒவ்வொன்றாக இணையத்தில் ஒட்டி மாற்றலாம். பத்துக் கோப்புக்குச் சரி. முந்நூறு என்றால் கை விட்டுப்போகும். இங்கேதான் கட்டளைவரிச் செயலி வேண்டியிருக்கிறது: மவுஸ் இல்லை, பொத்தான் இல்லை; கறுப்புத் திரையில் ஒரு வரி. செயலியின் பெயர், எந்தக் கோப்புறை, எந்த எழுத்துரு, விளைவை எங்கே வைப்பது என்று எழுதி என்டரைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

எழுத்தை மாற்றும் வேலைக்கு ஏற்கெனவே சாமான் இருக்கிறது. முத்து அண்ணாமலை முதலானோர் பைதன் மொழிக்காக உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரியில் பாமினி, திஸ்கி போன்ற பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதி உண்டு. ‘கெ’ என்று எழுத பாமினியில் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. இந்த இடமாற்றத் தலைவலியையெல்லாம் அது பார்த்துக்கொள்கிறது.

மிச்சம் இருப்பது, பாவிப்பவர் தட்டிய வரியைப் படித்து விளங்கிக்கொள்ளும் வேலை. சின்ன வேலை என்று நினைத்துப் புதியவர்கள் தாங்களே எழுதத் தொடங்குவார்கள். பைதன் அந்த வரியைச் சொற்பட்டியலாகத் தருகிறது: முதற்சொல் இது, இரண்டாவது அது. ஒருவர் எழுத்துருவை முதலிலும் கோப்பைப் பிறகும் எழுதினால்? ‘எங்கே வைப்பது’ என்று தொடங்கிவிட்டு இடத்தைச் சொல்ல மறந்தால்? ‘பாமினி’யை ‘பாமனி’ என்று தட்டினால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘இப்படியென்றால் அப்படி’ எழுதி, கடைசியில் மாற்றும் வேலை நாலு வரியாகவும், கேள்வி விசாரிக்கும் வேலை நாற்பது வரியாகவும் நிற்கும்.

யுனிக்ஸ் காலத்திலேயே இதற்கு ‘கெட்ஆப்ட்’ என்ற பொதுச்சாமான் வந்துவிட்டது. பைதனில் இன்று கூடவே வருவது ‘ஆர்க்பார்ஸ்’. 2010இல் வெளிவந்த 2.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. தனியாக இறக்கத் தேவையில்லை. அதனிடம் எப்படிச் செய்வது என்று சொல்லவேண்டாம். என்ன வேண்டும் என்று அறிவித்தால் போதும். ஒரு கோப்புறை கட்டாயம் வேண்டும். எழுத்துரு என்றொரு தெரிவு; அதற்குப் பாமினி, திஸ்கி இரண்டே விடைகள்; ஒன்றும் சொல்லாவிட்டால் பாமினி. இவ்வளவுதான். தவறாகத் தட்டினால் எது தவறு என்று சொல்லி, வேலையைத் தொடங்காமலே நிறுத்தும். ‘ஹெல்ப்’ என்று கேட்டால், நாம் கொடுத்த விளக்கங்களைக் கோத்து உதவிப் பக்கத்தைத் தானே அச்சிடும்.

இன்னும் சொகுசு வேண்டுமென்றால் ஆர்மின் ரொனாக்கர் எழுதி 2014இல் வந்த ‘கிளிக்’. சொன்ன கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும், ‘அழிக்கட்டுமா?’ என்று கேட்கும், எத்தனை வீதம் முடிந்தது என்று பட்டை ஓட்டிக் காட்டும். முந்நூறு கோப்பு ஓடும்போது அந்தப் பட்டை பெரிய நிம்மதி.

பெரிய நிறுவனங்களும் இதே கடைத்தெருவில்தான் வாங்குகின்றன. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பிலிருந்து உருவாக்கிய நிரல்மொழி பாலரீனா. அதன் கட்டளை மூன்றே ஆங்கில எழுத்து; தமிழில் எழுதினால் ‘பல்’ என்று வந்து சிரிப்பு மூட்டும். அதற்குப் பின்னால் புதிதாகத் தொடங்கு, கட்டு, ஓட்டு, சோதி என்று உபகட்டளைகள். இத்தனையையும் பிரித்தறிவது ரெம்கோ பொப்மா ஜாவாவுக்காக எழுதிய ‘பிகோசிஎல்ஐ’ லைப்ரரி. அதே நிறுவனத்தின் ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) நிர்வாகக் கருவி ‘கோ’ மொழியில் ‘கோப்ரா’ லைப்ரரியின்மேல் நிற்கிறது. உலகெங்கும் மேகக் கணினிகளை இயக்கப் பயன்படும் ‘குபெர்நெட்டீஸ்’ கட்டளையும் அதே கோப்ராவின்மேல்தான். ஒரு நிரல்மொழியையே படைக்கத் தெரிந்தவர்களும் இந்தச் சாமானைத் தாங்களே வார்க்கவில்லை.

சரி, உதவிப் பக்கத்தைத் தமிழில் கொடுக்கலாமா? தாராளமாக. தெரிவுகளின் பெயரைக்கூடத் தமிழில் வைக்கலாம். ஆனால் தட்டும்போது விசைப்பலகையை மாற்றி மாற்றி அலுத்துவிடும் என்பதால், பெயர் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருப்பதே வசதி. அதிலும் ஒரு சிக்கல். ‘கொழும்பு’ நமக்கு நாலெழுத்து. பைதனைக் கேட்டால் எட்டு என்னும். அடிப்படை எழுத்தையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அந்தக் கணக்கை நம்பி வரிகளை மடிப்பதால் ஆர்க்பார்ஸ் தரும் தமிழ் உதவிப் பக்கத்தில் வரிகள் நெட்டையும் குட்டையுமாக நிற்கும். ஓப்பன்-தமிழ் சரியாக நாலென்று எண்ணும். ஆனால் அந்த எண்ணிக்கையை ஆர்க்பார்ஸுக்கு ஊட்டும் வேலை நம் தலையில்.

எந்தக் கடையிலும் கிடைக்காத சாமானும் ஒன்றுண்டு: எது பாமினி, எது அசல் ஆங்கிலம் என்று அறியும் கண். மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் மின்னஞ்சல் முகவரி அசல் ஆங்கிலத்திலேயே இருக்கும். பாமினியும் ஆங்கில எழுத்துகளில்தானே பதிந்திருக்கிறது? வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் செயலிக்கு வித்தியாசம் தெரியாது. முகவரியையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக்கூட்டமாக்கிவிடும். வேர்ட் கோப்பாக இருந்தால் தப்பலாம்: எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது. அதைப் பார்த்துப் பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றும்படி எழுதவேண்டும். மாற்றியதை வேறு கோப்புறையில் வைக்கவேண்டும். மூலத்தின்மேல் எழுதவே கூடாது. முதல் ஐந்து கோப்பையாவது, அந்த மலரை அன்று அச்சுக்கோத்தவரையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவேண்டும்.