மலையில் வழி காணல்: ரங்கூனிலிருந்து நடந்தவர்களும் எமது பிள்ளைகளும்

கோடை விடுமுறை முடிந்து பாடசாலைகள் தொடங்கியதும், நோர்வேயில் புதிதாகக் குடியேறிய எமது குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்று 'ஓரியன்ரெறிங்' ஓட்டம் நடத்தப் போவதாகவும், பெற்றோரின் சம்மதம் தேவை எனவும் அதில் எழுதியிருக்கும். தேசப்படம் ஒன்றையும் திசையறி கருவியையும் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். மலைவெளியில் ஆங்காங்கே வைக்கப்பட்ட அடையாளங்களை ஒழுங்காகத் தேடிக் கண்டு திரும்பி வரவேண்டும். நாம் இதைத் திசையறி ஓட்டம் என்று சொல்லலாம்.

"அறியாத மலையில் பிள்ளையைத் தனியே விடுவதா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். சுகமில்லை என்று எழுதிக் கொடுத்து அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் மறிக்கும் பெற்றோரும் எம்மிடையே உளர். காடும் கடலும் கடந்து, இரவோடிரவாக ஊரைவிட்டு வந்தவர்களுக்கு வழி தெரியாத இடம் என்பது விளையாட்டல்ல. இந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. தமிழரின் வரலாற்றிலே அதற்கு ஒரு பெரிய காரணமும் உண்டு. 1942இல் ரங்கூனிலிருந்து எம்மவர் மலை கடந்து நடந்த கதையே அது. இன்று யாங்கோன் என்று அழைக்கப்படும் நகரம்தான் அன்றைய ரங்கூன். அந்த நடையையும் இந்த ஓட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது விளங்கும்.

ரங்கூன் நடந்தது

1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நெல் ஆலைகளில் உழைத்தவர்களும், எழுதுவினைஞர்களும், வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் அவர்களிடையே இருந்தனர். தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் இன்றும் அந்நகரின் நடுவில் இருக்கிறது.

1941 டிசம்பர் 23ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. நத்தார் தினத்திலும் மீண்டும் வந்து வீசின. அந்த நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் வடக்கே புரோம் நகரை நோக்கி நடக்கத் தொடங்கினர். துறைமுகமும் ஆலைகளும் இயங்குவதற்கு ஆட்கள் வேண்டும் என்பதால், வழியிலே தடுக்கப்பட்டு ரங்கூனுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 1942 மார்ச் 8ஆம் திகதி ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றவர்களுக்குக் கால்களே துணை.

அவர்கள் முன் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, புரோம் வரை சென்று, ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் யோமா மலைத்தொடரைத் தாண்டித் தவுங்குப் கரைக்குப் போவது. அங்கிருந்து படகில் அக்கியாப்புக்கும் பின்னர் சிட்டகாங்கிற்கும் செல்லலாம். இரண்டாவது, மாந்தளைக்குப் போய், சிந்துவின் ஆற்றோரமாகக் கலேவா, தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறி இம்பாலை அடைவது. மூன்றாவது, வட கோடியில் ஹுக்காங் பள்ளத்தாக்கைக் கடந்து அசாமின் லீடோவுக்குச் செல்வது. மூன்றிலும் கொடியது அதுவே.

ரங்கூனில் 'ஜோதி' என்னும் மாத இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அவரது மனைவியும் அந்த ஆண்டு இந்தியாவுக்கு நடந்தவர்களுள் இருவர். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற அவரது நூல் தமிழில் அந்த நடைக்கு நேரடிச் சாட்சியாக நிற்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் வீட்டில் எல்லோரும் வாசிக்க வேண்டிய நூல் அது.

அவர்களிடம் இல்லாதவை

அந்த மக்கள் மலைக்குப் பயந்தவர்களல்லர். பயந்திருந்தால் நடந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்களிடம் நான்கு விடயங்கள் இருக்கவில்லை.

முதலாவது தேசப்படம். நில அளவையாளர் வரைந்த படங்கள் அரசாங்கத்திடமும் படையிடமும் இருந்தன. மூட்டை சுமந்தவரிடம் இருக்கவில்லை. முன்னே போனவரின் முதுகைப் பார்த்தே பின்னே வந்தவர் நடந்தார். அடுத்த தண்ணீர் எத்தனை மைலில் என்பது கூட வாய்வழிச் செய்திதான். தண்ணீர் கிடைத்த இடத்தில் எல்லோரும் கூடினர். அங்கேயே கொலரா பரவியது.

இரண்டாவது காலம். நினைத்த நாளில் புறப்படும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கவில்லை. மே மாதம் 8ஆம் திகதி மிச்சினா நகரும் வீழ்ந்தபோது, அங்கே விமானத்துக்குக் காத்திருந்தவர்கள் ஹுக்காங் வழியை நாடினர். அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஆறுகள் பெருகின, பாதை முழங்கால் அளவு சேறானது, மலேரியாவும் பசியும் சேர்ந்துகொண்டன. முன்னர் நடந்தவர்களைவிடப் பின்னர் நடந்தவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள்.

மூன்றாவது, திரும்பும் வழி. முன்னே மலை, பின்னே போர். களைத்தவர் திரும்பி எங்கே போவார்?

நான்காவது எண்ணிக்கை. புறப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்தவர் இல்லை. நான்கு முதல் ஐந்து இலட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இறந்தவர் 10,000 என்போரும், 50,000 என்போரும், அதற்கும் மேல் என்போரும் உளர். மணிப்பூர், அசாம் பக்கத்தில் தேயிலைத் தோட்டச் சங்கத்தினர் முகாம்கள் அமைத்துச் சோறும் மருந்தும் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினர். ஆயினும் முகாமுக்கு வந்து சேராதவரை யார் தேடுவது? இன்றுவரை பெயர் தெரியாமல் அந்த மலைகளில் கிடப்பவர்கள் எம்மவர்.

ஓட்டத்தில் இருப்பவை

இனித் திசையறி ஓட்டத்துக்கு வருவோம். படைவீரரின் பயிற்சியாகத் தொடங்கிய இது, 1897இல் ஒஸ்லோவுக்கு அருகே பொதுமக்களுக்கான போட்டியாக நடத்தப்பட்டது. மேலே சொன்ன நான்கையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டுத்தான் இங்கே பிள்ளையை மலையில் விடுகிறார்கள்.

தேசப்படம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. 1:10,000 அளவுப் படமாயின், படத்தில் 1 சென்ரிமீற்றர் நிலத்தில் 100 மீற்றர். மண்ணிறக் கோடுகள் சமவுயரக்கோடுகள், நீலம் நீர், கறுப்பு பாறையும் பாதையும் கட்டடமும், மஞ்சள் வெளியான நிலம், பச்சை அடர்ந்த பற்றை. வெள்ளை நிறம் ஓடக்கூடிய காடு என்பதை மட்டும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளை என்றால் வெட்டவெளி என்று நினைத்து ஏமாறுவோர் பலர். தொடக்க இடம் ஒரு முக்கோணம், அடையாளங்கள் வட்டங்கள், முடிவிடம் இரட்டை வட்டம். நிலத்தில் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் செம்மஞ்சளும் வெள்ளையுமான ஒரு துணிப்பெட்டி தொங்கும்.

காலமும் குறிக்கப்பட்டிருக்கிறது. புறப்படும் நேரமும் திரும்ப வேண்டிய கடைசி நேரமும் உண்டு. வானிலை மோசமானால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

திரும்புவதற்குத் தடையில்லை. நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது நோர்வே மக்களின் மலை விதிகளுள் ஒன்று. 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்த பின்னர் அந்த விதிகள் நாடெங்கும் தீவிரமாகப் பரப்பப்பட்டன. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதைச் சொல்கிறார்கள் என்பதை நாம் மனதில் கொள்வோம்.

எண்ணிக்கையோ இந்த ஓட்டத்தின் உயிர். புறப்பட்ட ஒவ்வொருவரும் பதியப்படுகிறார். அடையாளம் ஒன்றையும் காணாமல் பாதியில் விட்டாலும், முடிவிடத்துக்கு வந்து தன் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பிள்ளை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால், பெரியவர்கள் மலையெங்கும் தேடிக்கொண்டிருப்பார்கள். இதைப் பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஆயத்தம்

மொழி விடயத்தில் பிள்ளைகள்தான் இங்கே எமக்கு ஆசிரியர். கடிதம் வாசிப்பதும் வைத்தியரிடம் பேசுவதும் அவர்களே. தேசப்படம் அப்படியல்ல. ஊரில் புவியியல் படித்த பெற்றோர் பலர் ஓரங்குல இடவிளக்கப்படத்தில் சமவுயரக்கோடு பார்த்துப் பரீட்சை எழுதியவர்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு என்ற பாடம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதைப் பிள்ளையுடன் மேசையில் விரித்துப் பாருங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்த விடயம் இங்கேயும் உதவுகிறது என்பதைப் பிள்ளை அறிவது சிறிய நன்மையல்ல.

பின்னர் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவுக்குப் போங்கள். திசையறி கருவியின் முள் காட்டும் வடக்கும் படத்தின் வடக்கும் ஒன்றாகும்வரை படத்தைத் திருப்பிப் பிடிக்கப் பழக்குங்கள். நிற்கும் இடத்தில் பெருவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்த வேண்டும். 100 மீற்றர் நடக்கத் தனக்கு எத்தனை அடி வேண்டும் என்பதைப் பிள்ளை எண்ணித் தெரிந்து வைத்திருக்கட்டும்.

மரமில்லாத மலைவெளிக்குத் தனி ஆயத்தம் தேவை. எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் இலகு என்று தோன்றும். உண்மையில் அங்கே தூரம் ஏமாற்றும். பக்கத்தில் தெரியும் மேடு அரை மணி நேர நடையாக இருக்கும். பாதையோ வேலியோ இல்லாததால், நீரோடை, மலைமுதுகு, சிறு ஏரி ஆகியவற்றைத்தான் துணையாகப் பிடித்துச் செல்ல வேண்டும். அடையாளத்தைத் தாண்டிவிட்டால் அடுத்து என்ன வரும் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்தல் நன்று. "ஓடையைக் கண்டால் நான் அதிகம் வந்துவிட்டேன்" என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். மூடுபனி சில நிமிடங்களில் இறங்கிவிடும். அப்போது ஓடாமல் நின்று, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புவதே முறை.

உடுப்பிலும் கவனம் வேண்டும். 100 மீற்றர் ஏற ஏற வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும், காற்று அதைவிடக் குளிரூட்டும். பருத்தி உடுப்பு நனைந்தால் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் மேற்சட்டை, அடி வழுக்காத சப்பாத்து ஆகியன தேவை. ரங்கூனிலிருந்து நடந்தவர்கள் சுமக்க முடியாமல் பாத்திரங்களையும் மூட்டைகளையும் வழியெங்கும் கைவிட்டார்கள். பிள்ளைக்கும் பாரம் கொடுக்காதீர்கள். ஒரு விசில் கட்டாயம். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது உதவி கேட்கும் சர்வதேசக் குறி. காலை உணவு ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். மாற்றுடுப்பும் சூடான தேநீரும் முடிவிடத்தில் காத்திருக்கட்டும்.

இன்னும் மனம் ஒப்பவில்லையா? தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கான வழி பெரும்பாலும் பாதைகளை ஒட்டியே அமைக்கப்படும். பெரியவர் ஒருவர் கூடப் போகலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்களும் நடந்து பாருங்கள்.

தமுவுக்கு எதிரே, இந்திய எல்லையில் மோரே என்னும் சிற்றூர் உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் அங்கே போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் குடியேறிக் கோயிலும் சங்கமும் அமைத்த ஊர் அது. 1942இல் எம்மவர் நடந்த அதே பாதையில்தான் அது இருக்கிறது. போகும் இடமெங்கும் வழி கண்டு வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்களுக்கு யாரும் தேசப்படம் கொடுக்கவில்லை, வந்து சேர்ந்தார்களா என்று எண்ணிப் பார்க்கவுமில்லை. எமது பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே ஆயத்தத்தைச் சரியாகச் செய்துவிட்டு, அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.