கனமழை என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் செய்திகளில் அடிக்கடி வரும். ‘திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்கிற மாதிரி ஒரு வரி. அந்த மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது மனப்பாடம். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் அதைக் கேட்டுக் குடையை எடுப்பார். இரும்புக் கம்பிகளையும் மூட்டைகளையும் திறந்த வெளியில் அடுக்கி வைத்திருப்பவர் தார்ப்பாயையும் பம்பையும் தேடுவார். ஆனால் அந்த வரியில் இருப்பவை எல்லாமே பிடிகொடுக்காத சொற்கள். ‘ஓரிரு’ என்றால் எத்தனை? ‘கன’ என்றால் எவ்வளவு? ‘கூடும்’ என்றால் எந்த அளவுக்கு?

மூன்றுக்கும் விடை இருக்கிறது. மங்கலாகத் தெரியும் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் எண்ணை வைத்திருக்கிறது.

முதலில் ‘கன’. ஒரு நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை ஒரு மழைமானியில் சேர்ந்த நீரை அளக்கிறார்கள். அது 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை என்றால் லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் எல்லாமே அதிகனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர மீட்டர் கூரை உள்ள ஒரு தொழிற்சாலை ஷெட்டின் மேல் கனமழையின் தொடக்க அளவு பெய்தாலே 64,500 லிட்டர் இறங்குகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐந்துக்கு மேல். இது ஒரே ஒரு கூரையில் விழுந்த நீர் மட்டும். சாலையும் சிமெண்ட் தளமுமாக மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்பேட்டையில் இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போக வழியில்லை.

‘ஓரிரு இடங்களில்’ என்பதைத்தான் நாம் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். ஒன்றோ இரண்டோ ஊர், அது நம் ஊராக இருக்காது என்று மனம் சொல்லிவிடுகிறது. வானிலைத் துறையின் கணக்கில் அது ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை. அதாவது நான்கில் ஒரு பங்கு வரை நனையலாம். 26 முதல் 50 வரை ‘ஒரு சில இடங்கள்’, 75 வரை ‘அநேக இடங்கள்’, அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’.

‘கூடும்’ கதை இன்னும் சுவையானது. ஆங்கில முன்னறிவிப்பில் ‘லைக்லி’ என்ற சொல்லுக்கு 25 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். ‘வெரி லைக்லி’ 50 முதல் 75. ‘மோஸ்ட் லைக்லி’ 75க்கும் மேல். இந்த மூன்று படிகளும் தமிழில் செய்தியாகும்போது பெரும்பாலும் ‘வாய்ப்புள்ளது’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகின்றன. நான்கில் ஒரு வாய்ப்பும் நான்கில் மூன்று வாய்ப்பும் வாசகர் காதில் ஒன்றாகவே விழுகின்றன. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு ஐபிசிசி அதே ‘லைக்லி’ என்ற சொல்லை எழுதினால் அதற்கு 66 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள்! அறிவியல் அறிக்கைகளிலேயே ஒரு சொல் ஆளுக்கு ஓர் எடையில் நிற்கிறது.

இந்தச் சிக்கலைக் கண்டு முதலில் பதறியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவுத் துறையின் ஆய்வாளர் ஷெர்மன் கென்ட். 1951இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பின் தாக்குதல் நடக்குமா என்று மதிப்பிட்ட அறிக்கையில் ‘கவனிக்கத்தக்க சாத்தியம்’ என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. கென்ட் மனத்தில் அது நூற்றுக்கு 65. அறிக்கையைச் சேர்ந்து எழுதிய சகாக்களைக் கேட்டபோது ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிய சொல்தான் அது. ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டது வேறு வேறு பொருளை. இத்தகைய சொற்களுக்கு எண் எல்லை வகுக்க வேண்டும் என்று 1964இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

எண்ணைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 64.4 மில்லிமீட்டர் மிதமான மழை, 64.5 கனமழை. வெளியே நிற்கும் மனிதருக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. எத்தனையாவது மணல்துகளில் ஒரு குவியல் உருவாகிறது என்று கிரேக்கத் தத்துவஞானி யூபுலிடிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிய புதிர் இது. 1965இல் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் லோட்ஃபி ஜாதே இதற்குப் புதுவழி கண்டார். ஒரு மழை கனமழையா இல்லையா என்று கேட்காமல், எந்த அளவுக்குக் கனமழை என்று 0க்கும் 1க்கும் இடையில் ஒரு மதிப்பைக் கொடுக்கலாம் என்பது அவர் வழி. ‘ஃபஸி லாஜிக்’ என்று பெயர்பெற்ற இந்தக் கணிதம் 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலை அதிராமல் ஓட்டியது. ‘வேகம் சற்றுக் கூடுதல்’, ‘நிறுத்தம் கிட்டத்தில்’ என்ற மங்கலான சொற்களையே இயந்திரம் கணக்காகப் புரிந்துகொண்டது.

ஆனால் முகாம் திறப்பதா, பள்ளிக்கு விடுமுறை விடுவதா என்று முடிவெடுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு 0.6 கனமழை என்று சொல்லிப் பயனில்லை. அங்கே ஒரு கோடு வேண்டும். அதனால் வானிலைத் துறை கோடு கிழித்தது சரியே.

அந்தக் கோடுகள் சொல்லாமல் விடுவதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் மழை நாள் முழுக்கப் பரவலாகப் பெய்தாலும் கனமழைதான், ஒரே மணி நேரத்தில் கொட்டினாலும் அன்றைய கணக்கில் கனமழைதான். பின்னது மேகவெடிப்பின் அளவு. வடிகால் தாங்குமா என்பதை முடிவு செய்வது அந்த வேகமே. மேல் எல்லை இல்லாத ‘அதிகனமழை’யின் கதை இன்னும் கடுமையானது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95. இரண்டுக்கும் ஒரே பெயரடை.

திருவள்ளூருக்கு இன்னொன்றும் உண்டு. மாவட்டத்துக்கான முன்னறிவிப்பு மாவட்டத்தில் விழும் மழையை மட்டுமே பேசும். ஆரணியாறு ஆந்திரத்தின் பிச்சாட்டூர் பக்கமிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வந்து பழவேற்காட்டுக்குப் போகிறது. கொசஸ்தலையாற்றுக்கு ராணிப்பேட்டை மாவட்டத்துத் தண்ணீரும் நகரி ஆற்றுத் தண்ணீரும் பூண்டி ஏரி வழியாக வந்து சேர்கின்றன. இங்கே ‘லேசான மழை’ என்றிருக்கும் நாளில் மேலே அதிகனமழை பெய்திருந்தால் ஆற்றங்கரை ஊர்களுக்குத் தண்ணீர் வந்துவிடும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கனமழை’ என்று போடும்போது பக்கத்தில் 7 முதல் 11 செ.மீ. என்று போடுங்கள். ‘வாய்ப்பு’ என்றால் எத்தனை விழுக்காடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அளவுகளைத் தமிழில் அச்சிட்டு வாசல் பலகையில் ஒட்டலாம். மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே அந்த அட்டவணை அங்கே இருக்க வேண்டும்.