ஆட்டக்களத்திலிருந்து வீதிக்கு வந்த ஜோடு

அமெரிக்காவின் மாசாசூஸெட்ஸ் மாநிலத்தில் 1908-ஆம் ஆண்டு தோன்றிய கான்வெர்ஸ் ரப்பர் கம்பெனி, 1917-இல் வெளியிட்ட ‘ஆல் ஸ்டார்’ என்னும் கான்வாஸ் ஜோடு, கூடைப்பந்துக் களத்தை விட்டு நீங்கி அநேக வருஷங்களான பின்பும், சாதாரண உபயோகத்துக்கு ஜனங்கள் விரும்பி வாங்கும் காலணியாக நிலைத்திருப்பது ஆராயத்தக்க விஷயமாகும். 1921-இல் அக்கம்பெனியில் சேர்ந்த சக் டெய்லர் என்னும் ஆட்டக்காரர், ஊர் ஊராகச் சென்று பயிற்சி அளித்துக்கொண்டே அதைப் பிரசித்தப்படுத்தியமையால், கணுக்காலருகே உள்ள வட்டச் சின்னத்தில் அவருடைய கையெழுத்தே பிற்பாடு இடம்பெறலாயிற்று.

அதன் விசேஷம் அடிப்பாகத்தில் இருக்கிறது. கந்தகம் கலந்த ரப்பரைத் துணியின் அடியிலும் பக்கங்களிலும் பொருத்தி, ஜோடு முழுவதையும் உலையில் சூடேற்றுகையில், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, இழுத்தாலும் வளைத்தாலும் பழைய வடிவுக்கே மீளும் உறுதியைப் பெறுகின்றன. வல்கனைஸ் செய்தல் எனப்படும் இம்முறையால் அடிப்பாகம் மேற்றுணியோடு நன்றாகப் பற்றிக்கொள்கிறது. தட்டையும் கெட்டியுமான அந்த அடி தரையில் அசையாமல் பதிவதால், பளு தூக்கிப் பயிற்சி செய்வோரிற் பலர் இன்றும் இதையே நாடுகின்றனர். ஆயினும், பாதத்தின் உட்குழிவைத் தாங்கும் மேடும், குதிகாலில் விழும் அதிர்ச்சியை வாங்கும் தடித்த மெத்தையும் இதில் இல்லாமையால், கடினமான தரையில் வெகுதூரம் நடப்பவருக்குப் பாதம் நோவது இயல்பே. தோலாலும் மெத்தையாலும் அமைந்த புதிய ஜோடுகள் வந்தபோது ஆட்டக்காரர்கள் இதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

பழைய உருவத்தைப் பின்பற்றி 2013-இல் வெளிவந்த ‘சக் 70’ என்னும் வகை, கனத்த துணியும் உயர்ந்த ரப்பர்ப் பட்டையும் சற்றுத் தடித்த உள்மெத்தையும் கொண்டிருப்பதால், நித்திய உபயோகத்துக்கு அதுவே மேலானதென்பது என் அபிப்பிராயம். எடை கூடுதலாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். உட்பக்கத்திலுள்ள இரு காற்றுத் துவாரங்கள் வழியே மழைநீரும் புகுமாதலால், மழைக்காலத்துக்கு எவ்வகையும் உதவாது.

அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வர இதனினும் எளிய, அழகிய காலணி வேண்டுவதில்லை. நாள் முழுதும் நடந்தே தொழில் செய்பவர் வேறொன்றைத் தேடிக்கொள்வதே நலம். வாங்குவோர் காலிலிட்டுப் பார்த்தே வாங்குக; இது சற்றுப் பெரிதாகவே செய்யப்படுவதால், வழக்கமான அளவிலிருந்து அரை அளவு குறைத்தாலே பலருக்குப் பொருந்தும்.