வயர்லெஸ் கீபோர்ட் வேலை செய்யவில்லையா? வீசுமுன் சற்றுப் பாருங்கள்

கணனியில் பில் போடும் வழக்கம் பரவிய பிறகு வயர்லெஸ் கீபோர்ட்டும் நமது கல்லா மேசைகளுக்கு வந்துவிட்டது. வயர் தொங்குவதில்லை. தேவைப்பட்டால் ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுத் துணியை விரித்துக் காட்டலாம். எல்லாம் நல்லதுதான். ஆனால், நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது அது திடீரெனத் தொடர்பற்றுப் போனால் முதலாளிக்கு வரும் தலையிடி சொல்லி மாளாது. உடனே ஒரு பொடியனை அனுப்பிப் புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கடைகளுக்குக் கணனி பொருத்திக் கொடுப்பவன் என்ற வகையில் நான் கண்டது இதுதான்: 'பழுது' என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பழுதே இல்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வகைக்கு நகக்கண் அளவில் சிறிய ரிசீவர் ஒன்று கூடவே வரும். அதனைக் கணனியின் யூ.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். மற்றது புளூடூத் வகை. அதற்கு ரிசீவர் கிடையாது. இரண்டுமே 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலையில்தான் இயங்குகின்றன. கடையிலுள்ள வைஃபை பெட்டியும் பெரும்பாலும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகிறது. இதனை மனதில் வைத்துக்கொண்டால் பல சிக்கல்கள் தாமாகவே விளங்கும்.

பெட்டரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதிதாக இரண்டு போட்டுப் பாருங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பெட்டரி வைக்கும் இடத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது அல்கலைன் பெட்டரி கசிந்ததன் அடையாளம். பஞ்சில் சிறிது வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்கு காயவிட்டால் போதும். அடிப்பக்கத்தில் உள்ள சிறிய சுவிட்ச் 'ஓஃப்' ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரவில் மேசையைத் துடைக்கும் பிள்ளைகளின் கைபட்டு அது அடிக்கடி நகர்ந்துவிடும்.

அடுத்து ரிசீவர். இதில்தான் வியாபாரிகளுக்குப் பண நட்டமே இருக்கிறது. கண்டிப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு நானா, "தம்பி, பகல் முழுக்க ஒழுங்கா வேலை செய்யுது, மஃரிபுக்குப் பிறகுதான் எழுத்து விடுபடுது" என்றார். போய்ப் பார்த்தேன். அன்றைய கணக்கைப் பிரதியெடுப்பதற்காக மாலையில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிறார். செருகும் துளை நீல நிறம், அதாவது யூ.எஸ்.பி. 3.0. அதற்குப் பக்கத்துத் துளையில் கீபோர்ட்டின் ரிசீவர். யூ.எஸ்.பி. 3.0 இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ரிசீவருக்குக் கீபோர்ட்டின் சமிக்ஞை அந்த இரைச்சலில் பாதிதான் கேட்கும். 15000 என்று அடித்தால் 1500 என்று விழும். அவசரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? முற்றாகத் தொடர்பு விட்டுப்போன கீபோர்ட்டைவிட இப்படி அரைகுறையாக வேலை செய்வதுதான் ஆபத்தானது என்பேன். நின்றுவிட்டால் நமக்குத் தெரியும். ஒரு பூச்சியம் குறைந்தால் மாதக் கடைசியில்தான் தெரியும்.

அவருக்கு நான் செய்து கொடுத்தது ஒரு சாதாரண யூ.எஸ்.பி. நீட்சி வயர். அதன் முனையில் ரிசீவரைச் செருகி, மேசைக்கு மேலே, கீபோர்ட்டுக்கு நேராக ஒட்டிவிட்டேன். கணனிப் பெட்டி மேசைக்குக் கீழே இரும்பு அலுமாரிக்குள் இருக்கும் கடைகளுக்கும் இதுவே மருந்து. ரிசீவரைப் பின்பக்கத்தில் செருகிவிட்டு இரும்புத் தகட்டைத் தாண்டி அலை வரவேண்டும் என்றால் எப்படி?

ஒரே மாதிரிக் கீபோர்ட் இரண்டு மூன்று வாங்கிய கடைகளில் இன்னொரு குழப்பம் நடக்கும். துப்புரவு செய்யும்போது ரிசீவர்கள் இடம் மாறிவிடும். இங்கே அடித்தால் அடுத்த கல்லாவின் திரையில் எழுத்து விழும்! கீபோர்ட்டிலும் ரிசீவரிலும் 1, 2 என்று இலக்கமிட்டுச் சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மலிவான பல வகைகளில் கீபோர்ட்டும் ரிசீவரும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்க்கப்பட்டவை. ரிசீவர் தொலைந்தால் கீபோர்ட் வெறும் பலகைதான்.

புளூடூத் வகையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் புளூடூத் பகுதிக்குச் சென்று, பட்டியலில் இருக்கும் கீபோர்ட்டின் பெயரை முதலில் நீக்குங்கள். பழைய இணைப்பை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப இணைக்க முயல்வதில் பயனில்லை. பிறகு கீபோர்ட்டின் இணைப்பு விசையை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேருங்கள். திரையில் இலக்கங்கள் சில தோன்றினால் அவற்றை அந்தக் கீபோர்ட்டிலேயே அடித்து 'என்டர்' தட்ட வேண்டும். 1, 2, 3 என்று மாற்று விசைகள் உள்ளதா என்றும் கவனியுங்கள். மகன் அதனைத் தனது டெப்லெட்டுடன் இணைத்து 2இல் விட்டுப் போயிருக்கலாம்.

மவுஸ் வேலை செய்து கீபோர்ட் மட்டும் செத்துக் கிடந்தால், கடவுச்சொல் கேட்கும் திரையின் கீழ் மூலையிலுள்ள சிறு படத்தை அழுத்தித் திரைக் கீபோர்ட்டை எடுக்கலாம். மவுஸாலேயே எழுத்துகளைத் தெரிவு செய்து உள்ளே போய்விடலாம். வாடிக்கையாளர் காத்து நிற்கும்போது இது பெரிய உதவி.

பலருக்கும் தெரியாத ஒன்று: பில் புத்தகம் வலப்பக்க 'ஷிப்ட்' விசையின் மேல் எட்டு விநாடி கிடந்தால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். வாசிக்காமல் 'என்டர்' தட்டினால், அதன் பிறகு விசைகளை மெதுவாக அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். மீண்டும் அதே விசையை எட்டு விநாடி பிடித்தால் சரியாகிவிடும். இதற்காகப் புதுக் கீபோர்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். புதியதிலும் அதே நோய்தான்!

எதுவும் சரிவராவிட்டால் கீபோர்ட்டையும் ரிசீவரையும் வேறொரு கணனியில் போட்டுப் பாருங்கள். அங்கு வேலை செய்தால் குறை உங்கள் கணனியில். மடிக்கணனி சிறிது நேரம் சும்மா இருந்து எழும்போது மட்டும் தொடர்பு விடுகிறதென்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யூ.எஸ்.பி. துளையை அணைத்துவிடுகிறது. டிவைஸ் மெனேஜரில் அந்த அனுமதியை எடுத்துவிடலாம்.

வங்கிக் கணக்கை இணையத்தில் இயக்குபவர்களுக்கு இன்னொரு விடயம். பெயர் தெரியாத மலிவு வயர்லெஸ் கீபோர்ட்களில் சில, அடிக்கும் எழுத்துகளை எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன. 2016இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் எட்டு உற்பத்தியாளர்களின் கீபோர்ட்களில் இக்குறையைக் கண்டுபிடித்தது. 250 அடி தூரத்திலிருந்தும் அவற்றை வாசிக்க முடிந்தது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் 250 அடிக்குள் எத்தனை கடைகள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வாங்கும்போது பெட்டியில் ஏ.ஈ.எஸ். 128 என்று இருக்கிறதா எனக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல் அடிக்க வயர் கீபோர்ட் அதைவிட நல்லது.

கல்லாவுக்குக் கீழே சாதாரண வயர் கீபோர்ட் ஒன்றை எப்போதும் வைத்திருக்கும்படி நான் எல்லோருக்கும் சொல்வதும் இதனால்தான். செருகிய சில விநாடிகளில் வேலை தொடங்கிவிடும். வயர்லெஸ்ஸை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். அதனை உத்தரவாதத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் ரிசீவரையும் கழற்றிச் சேர்த்தே கொண்டு செல்லுங்கள். அது இல்லாமல் வாங்கிய கடைக்காரராலும் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.