மெல்லிணைப்பும் காணொளி உரையாடலும்

மாத்தளை மாவட்டம் சமநிலமும் மலையும் விரவியதொரு நிலப்பரப்பாகும். தம்புள்ளைப் பக்கம் நிலம் தாழ்ந்து விரிந்து கிடக்க, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கங்களில் மலைகள் உயர்ந்து நிற்கின்றன. கைப்பேசி அலைகளை மலை மறிக்கும். ஆதலின், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கைப்பேசிக்குட் புகுந்த காலை, மலைப்புற மாணவர் பலர்க்கு ஆசிரியர் முகம் உறைந்தது, குரலும் அறுந்தது. இதன் காரணத்தை ஈண்டு நோக்குவாம்.

இணைப்பின் தரத்தை வேகம் ஒன்றாலேயே அளத்தல் பொதுவழக்கு. அது போதாது. அளத்தற்குரியன நான்கு: வேகம், சுணக்கம், சுணக்கத்தின் ஏற்றத்தாழ்வு, இழப்பு.

640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உடைய வண்ணப்படம் செக்கனுக்கு 30 முறை மாறுமாயின், சுருக்காதவிடத்து ஏறத்தாழ 22 கோடி பிற்றுகள் வேண்டும். சூம் நிறுவனம் இருவர் உரையாடலுக்குப் பரிந்துரைத்த அளவோ 600 கிலோபிற்று. மாறாத பகுதிகளை மீள அனுப்பாது விடுத்தல் முதலிய முறைகளால் இச்சுருக்கம் இயலுகின்றது. குரலுக்கு மிகச் சிறிதே போதும். எண்முறைத் தொலைபேசி கொண்டது 64 கிலோபிற்று. 2012இல் நியமமாகிய ஓப்பஸ் முறையில் 6 கிலோபிற்றிலும் பேச்சுச் செல்லும்.

ஒருவழிச் சுணக்கம் 150 மில்லிசெக்கனுள் அடங்குதல் நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400ஐ மிஞ்சின் உரையாடலுக்கு ஏலாது. இனி, தரவு சிறு பொதிகளாகவே செல்லும். அவற்றுட் சில முந்தியும் சில பிந்தியும் வரும். சில வழியிலேயே தொலையும். மிகப் பிந்திய பொதியை நேருரையாடல் காத்திராது தள்ளிவிடும். பதிவுசெய்த பாடமோ முன்கூட்டியே சேமித்து ஓடுவது. ஆதலின், ஒரே இணைப்பில் அது தடையின்றிச் செல்ல, நேர்வகுப்புத் தடுமாறுகின்றது. வேகம் மிகுந்தும் நிலைகுலையும் இணைப்பினும், வேகங் குறைந்தும் நிலைத்து நிற்கும் இணைப்பே குரலுக்குச் சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? கரும்பலகைப் படங்களை முன்னரே அனுப்பி வைத்தல் வேண்டும். இணைப்பு மெலிந்தவிடத்துக் காணொளியை நிறுத்திக் குரலைக் காத்தல் வேண்டும். மாணவர்க்குத் தம் முகங்காட்டுமாறு கட்டளையிடுதல் தகாது. மலைப்புறத்துச் சிறுவனின் இணைப்பில் மேலேறும் வழி பெரும்பாலும் கீழிறங்கும் வழியினுங் குறுகியது. அவன் முகம் அவ்வழியை அடைத்துக்கொள்ளின், அவன் கேட்கும் ஐயம் ஆசிரியர் செவியை எட்டாது போம். ஐயங் கேட்க இயலாதவிடத்து நிகழ்வது வகுப்பாகாது. ஆதலின், படத்தின் தெளிவினும் மாணவன் வினா வந்து சேர்தலையே தரத்தின் முதலளவாகக் கொள்ளல் தகும்.